ராத்திரியைச் செய்கிறவர்கள்

2018 நவம்பர் 16, விடிவதற்கு முன்பே கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. அன்று எங்கள் கூத்தாநல்லூரில் போன கரண்ட் சீக்கிரம் திரும்பி வரவில்லை. ஏழாம் நாள் பௌர்ணமி, திருக்கார்த்திகையும் அன்றுதான். மாடியில் நின்று பார்த்தால் லெட்சுமாங்குடிப் பக்கமும் வெளிச்சம் இல்லை, வெண்ணாற்றுக்கு அப்பாலும் இல்லை. சில வீட்டு வாசல்களில் அகல் மட்டும் எரிந்தது. மேகம் விலகிய நேரத்தில் நிலா வந்தது. வேரோடு சாய்ந்து கிடந்த தென்னைகளின் ஓலை ஒவ்வொன்றும் தனித்தனியாக நிழல் போட்டிருந்ததை அன்றுதான் பார்த்தேன். மனிதக் கண்ணுக்கு இவ்வளவு வெளிச்சம் போதும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

பக்கத்தில் நின்ற அக்கா மகன் செல்போனை எடுத்துப் படம் பிடித்தான். திரை முழுக்கக் கறுப்பு, அதில் ஈயப் பொடி தூவியது போலப் புள்ளிகள், நடுவில் நிலா இருந்த இடத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு. தென்னையைக் காணோம், நிழலையும் காணோம்.

அதற்குப் பதினோரு மாதம் கழித்து, 2019 தீபாவளிக்கு, ‘பிகில்’ படத்தோடு ‘கைதி’யும் வந்தது. தீபாவளி இரவு மன்னார்குடியில் ‘கைதி’ இரண்டாம் ஆட்டம் பார்த்துவிட்டு, அதே அக்கா மகனைப் பின்னால் உட்காரவைத்து வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தேன். பாட்டு இல்லை, கதாநாயகி இல்லை. ஒரே ராத்திரியில் நடக்கிற கதை. மயக்க மருந்து கலந்த மதுவைக் குடித்துச் சரிந்துவிட்ட போலீஸ் அதிகாரிகளை, சிறையிலிருந்து அன்றுதான் வெளியே வந்த டில்லி என்கிற ஒருவன் லாரியில் ஏற்றிக்கொண்டு ஓட்டுகிறான். அதே நேரத்தில் திருச்சி கமிஷனர் அலுவலகத்தை ஒரு கும்பல் முற்றுகையிடுகிறது. எங்கள் ஊரிலிருந்து நீடாமங்கலமோ மன்னார்குடியோ போய்த் தஞ்சாவூர் வழியாக நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல் போனால் வருகிற திருச்சிதான். பாதி வழியில் அவன் கேட்டான்: “மாமா, இதெல்லாம் நெசமா ராத்திரியிலதான் எடுத்திருப்பாங்களா? நம்ம போன்ல ஒண்ணுமே வுழலயே.”

ராத்திரியில்தான் எடுத்தார்கள். படம் முழுவதையும் இரவுகளிலேயே படமாக்கியதாக இயக்குநர் லோகேஷ் கனகராஜும் டில்லியாக நடித்த கார்த்தியும் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் அவன் கேட்டது சரியான கேள்வி. கேமராவுக்கு ராத்திரி தெரியாது. அதற்குத் தெரியும்படியாக ஒரு ராத்திரியை ஆட்கள் செய்து கொடுக்க வேண்டும்.

வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகால் அளக்கிறார்கள். ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி ஒரு மீட்டர் தள்ளிப் புத்தகத்தைப் பிடித்தால் அதன்மேல் விழுவது ஏறத்தாழ ஒரு லக்ஸ். மெழுகுவர்த்தியை இரண்டு மீட்டர் தள்ளி வைத்தால் கால் லக்ஸ். உச்சியில் நிற்கிற பௌர்ணமி நிலா தருவது ஏறக்குறைய அந்தக் கால் லக்ஸ்தான். சித்திரை வெயிலில் களத்தில் நிற்கும்போது நம்மேல் விழுவது 1,00,000 லக்ஸ். இரண்டுக்கும் நான்கு லட்சம் மடங்கு வித்தியாசம். இந்த இரண்டு கரைகளுக்கும் ஒரே கண்ணை வைத்துக்கொண்டு போய்வருகிறோம்.

கண்ணின் விழித்திரையில் கூம்பு செல்கள் சுமார் 60 லட்சம், கோல் செல்கள் சுமார் 12 கோடி. கூம்புகள் பகலுக்கு, நிறம் காட்டுவது அவைதான். கோல்கள் இரவுக்கு, அவற்றுக்கு நிறம் தெரியாது, ஆனால் ஒளியின் ஒரே ஒரு துகள் வந்து மோதினாலும் ஒரு கோல் செல் விழித்துக்கொள்ளும். 1942இல் அமெரிக்காவில் ஹெக்ட், ஷ்லேர், பிரென் என்ற மூவர் இருட்டறையில் ஆட்களை உட்காரவைத்துச் செய்த சோதனையில், ஏழெட்டு கோல் செல்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஆளுக்கொரு துகளைப் பிடித்தாலே மனிதன் “தெரிகிறது” என்று சொல்லிவிடுகிறான் என்று கண்டார்கள். அந்தக் கோல்களில் இருக்கிற ரோடாப்சின் என்ற நிறமி வெளிச்சத்தில் வெளுத்துவிடும். இருட்டில் அது மீண்டும் ஊற அரை மணி நேரம் பிடிக்கும். அது செய்யப்படுவது வைட்டமின் ‘ஏ’யிலிருந்து. மாலைக்கண் வந்த பிள்ளைக்கு முருங்கைக்கீரை கொடு என்று சொல்வதன் காரணம் இதுதான்.

ராத்திரி மடை திருப்பப் போகிற ஒரு பெரியவர் இதைப் பாடம் படிக்காமலே தெரிந்து வைத்திருந்தார். கஜாவுக்குப் பிறகு வயலில் நின்ற தண்ணீரை வடிக்க அவரோடு வரப்பில் போனேன். நான் டார்ச் அடித்துக்கொண்டே நடந்தேன். “அத அணைங்க தம்பி. அடிக்க அடிக்கத்தான் இருட்டு. கொஞ்சம் பொறுங்க, கண்ணு தானா தெளியும்” என்றார். அணைத்தேன். கால் மணி நேரத்தில் வரப்பு சாம்பல் கோடாக மேலெழுந்து வந்தது.

கேமராவுக்கு அப்படித் தெளியும் கண் கிடையாது. சினிமா ஒரு நொடிக்கு 24 படங்கள். ஒவ்வொரு படத்துக்கும் கதவு திறந்திருப்பது வழக்கமாக 48இல் ஒரு பங்கு நொடிதான். சாதாரண டிஜிட்டல் சினிமா கேமராவை 800 என்ற உணர்திறனில் வைத்து, லென்ஸை எஃப்/2 வரை திறந்து கணக்குப் போட்டால், காட்சி ஒழுங்காகப் பதிய ஏறக்குறைய 60 லக்ஸ் வேண்டும். நிலா தருவதைப்போல 240 மடங்கு. ஒளிப்பதிவாளர்கள் வெளிச்சம் இரட்டிப்பாவதை ஒரு ‘ஸ்டாப்’ என்பார்கள். அவர்கள் பேச்சில் இது எட்டு ஸ்டாப் பள்ளம்.

உணர்திறனைக் கூட்டிவிட்டால் என்ன? அப்போதுதான் அந்த ஈயப் பொடி வருகிறது. இதைப் புரிந்துகொள்ள ஐப்பசித் தூறல் தொடங்கும்போது முற்றத்துச் சதுர ஓடுகளைப் பார்த்தால் போதும். முதல் பத்து நொடியில் ஓர் ஓட்டில் ஐந்து சொட்டு, பக்கத்து ஓட்டில் ஒன்று, அதற்கடுத்ததில் சொட்டே இல்லை. திட்டுத் திட்டாக இருக்கும். மழை பிடித்துக்கொண்டால் எல்லா ஓடும் ஒரே சீராக நனைந்துவிடும். ஒளியும் சொட்டுச் சொட்டாகத்தான் விழுகிறது. கேமரா சில்லின் ஒரு புள்ளியில் 10,000 துகள் விழுந்தால் ஏற்ற இறக்கம் 100, அதாவது நூற்றுக்கு ஒன்று, கண்ணுக்குத் தெரியாது. 100 துகள்தான் விழுந்தது என்றால் ஏற்ற இறக்கம் 10, நூற்றுக்குப் பத்து, படம் கொப்புளிக்கும். கேமராவைக் குறை சொல்லிப் பயனில்லை. வெளிச்சத்தின் இயல்பே அது. அன்று மாடியில் போன் காட்டிய புள்ளிகள் நிலவொளித் தூறலின் சுவடுகள்.

ஆகவே வெளிச்சம் போட்டாக வேண்டும். போட்டது தெரியவும் கூடாது. இந்த வித்தையில் நமக்கு ஒரு பெரிய முன்னோடி உண்டு: மார்க்கஸ் பார்ட்லி. 1957இல் விஜயா நிறுவனம் எடுத்த ‘மாயா பஜார்’ படத்தின் ஒளிப்பதிவாளர். பின்னாளில் ‘செம்மீன்’ படத்தை ஒளிப்பதிவு செய்தவரும் அவரே. ஜெமினியும் சாவித்திரியும் படகில் போகிற பாட்டில் தண்ணீரில் நெளிகிற நிலவை இன்றைக்கும் பெரியவர்கள் சொல்லிச் சொல்லி மாள்வதில்லை.  இன்றைய டிஜிட்டல் சில்லின் உணர்திறன் அன்றைய பிலிமுக்குக் கிடையாது. விளக்கையும் திரையையும் நிழலையும் வைத்தே அந்த நிலவை அவர் உண்டாக்கினார். வெயிலில் எடுத்துவிட்டு, பிலிமுக்குப் போகிற வெளிச்சத்தைக் குறைத்து இரவாக்குகிற வழக்கமும் உலகெங்கும் இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் அதற்கு ‘அமெரிக்க இரவு’ என்று பெயர் வைத்தார்கள். த்ரூஃபோ 1973இல் எடுத்த படத்துக்கு அதையே தலைப்பாக்கினார்.

நிலாவைப் போலி செய்வதில் உள்ள பெரிய சிக்கல் தூரம். விளக்கிலிருந்து தள்ளிப் போகப் போக வெளிச்சம் தூரத்தின் இருமடிக்கு ஏற்பக் குறையும். 5 மீட்டர் தள்ளி ஒரு விளக்கை வைத்தோம் என்று வையுங்கள். நடிகர் விளக்கை நோக்கி மூன்று மீட்டர் நடந்து வந்தால் அவர் முகத்து வெளிச்சம் ஆறு மடங்குக்கு மேல் ஏறிவிடும். உண்மையான நிலா 3,84,400 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அதன் கீழே ஊர் முழுக்க ஓடினாலும் வெளிச்சம் இம்மியும் மாறாது. பார்க்கிறவர் மனம் இந்தச் சட்டத்தை அறியும். அதைப் பெயர் சொல்லத் தெரியாது, ஆனால் மாறினால் “செட்டு மாதிரி இருக்கு” என்று சொல்லிவிடும். அதனால்தான் பெரிய விளக்கைக் கிரேனில் ஏற்றி முப்பது மீட்டர் தள்ளி நிறுத்துகிறார்கள். அங்கிருந்து மூன்று மீட்டர் முன்னால் வந்தால் கூடுவது கால் பங்கு வெளிச்சம்கூட இல்லை. ஆனால் 5 மீட்டரை 30 ஆக்கினால் விளக்கின் பலம் 36 மடங்கு வேண்டும். படப்பிடிப்பு நடக்கிற இடத்தில் ஜெனரேட்டர் வண்டி உறுமிக்கொண்டே நிற்பதற்கு இந்த இருமடிக் கணக்குதான் காரணம். உயரத்தில் விளக்கோடு விளக்காக லைட்மேன்கள் உட்கார்ந்திருப்பார்கள். நம் சினிமாவின் எல்லா நிலவுகளும் அவர்கள் தோளில் ஏறி வந்தவை.

அந்த நிலவு ஏன் எப்போதும் நீலமாக இருக்கிறது என்பது இன்னொரு கதை. நிலவொளி வெயிலின் பிரதிபலிப்பு. நிலாவின் தரை தார்ச்சாலை போலக் கறுத்தது, வந்த ஒளியில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கைத்தான் திருப்பி அனுப்புகிறது. அதுவும் வெயிலைவிடச் சற்றே சிவப்பு சாய்ந்த ஒளி. நீலம் நம் கண்ணில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செக் நாட்டு மருத்துவர் புர்க்கினே, விடியலில் உலாவப் போனபோது பகலில் பளிச்சென்றிருக்கிற சிவப்புப் பூக்கள் மங்கிக் கறுத்திருப்பதையும், இலைகள் அவற்றைவிடத் துலங்குவதையும் கவனித்தார். கூம்புகள் அதிகமாக உணர்வது மஞ்சள் கலந்த பச்சையை. கோல்கள் உணர்வது நீலம் கலந்த பச்சையை. சிவப்பு அவற்றுக்கு இருட்டுக்குச் சமம். கொல்லையில் செம்பருத்தி இருந்தால் இன்று மாலையே பார்க்கலாம். ஆறு மணிக்குப் பூ எரிகிற சிவப்பு, இலை கரும்பச்சை. ஆறே முக்காலுக்கு, விளக்குப் போடாமல் போய் நில்லுங்கள்: பூ இருந்த இடத்தில் கறுப்புப் பள்ளம், இலைகள் வெளிறி முன்னுக்கு வந்திருக்கும். நான் இதை எத்தனை முறை பார்த்தாலும் அலுக்கவில்லை.

‘கைதி’யின் ஒளிப்பதிவாளர் சத்யன் சூர்யன் இந்த நீல நிலவைப் பெரும்பாலும் ஒதுக்கி வைத்துவிட்டார் என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். ‘தீரன் அதிகாரம் ஒன்று’ படத்திலேயே கார்த்தியோடு வேலை பார்த்தவர் அவர். இந்தப் படத்தில் இருட்டு என்றால் லாரி இருட்டு. ஹெட்லைட்டின் மஞ்சள், தெருவிளக்கின் செம்மஞ்சள், புழுதி, புகை. நாகப்பட்டினம் சாலையிலோ தஞ்சாவூர் சாலையிலோ பின்னிரவில் போனவர்களுக்கு அது உடனே தெரியும். நெல் மூட்டை ஏற்றிய லாரிகள் கொள்முதல் நிலையத்துக்கு வெளியே வரிசையில் நிற்கும்போது நம் ஊரின் இரவு இந்த நிறத்தில்தான் இருக்கிறது.

வெளிச்சத்தை ஆளின் முதுகுக்குப் பின்னால் வைக்கிற பழக்கத்தை அந்தப் படத்தில் மீண்டும் மீண்டும் பார்க்கலாம். காரணம் சாம்பிராணி போடுகிற வீட்டில் தெரியும். காலையில் சன்னல் வழியாக வெயில் கதிர் விழும்போது, சன்னல் பக்கம் முதுகைக் காட்டி நின்று பார்த்தால் புகை மங்கலாக, இருக்கிறதா இல்லையா என்றிருக்கும். எதிர்ப்பக்கம் போய்ச் சன்னலைப் பார்த்து நின்றால் அதே புகை வெள்ளிச் சுருளாக எரியும். ஒளியின் அலைநீளத்துக்கு நிகரான, அல்லது அதைவிடப் பெரிய நுண்துகள்களில் ஒளி பட்டால் அது பெரும்பாலும் போன திசையிலேயே முன்னோக்கிச் சிதறும். அந்த முன்திசையில் நம் கண்ணோ கேமராவோ இருந்தால் காற்றே துலங்கும். புகை போட்டு, பின்னால் ஒரு விளக்கு வைத்துவிட்டால் முன்னால் நிற்கிறவர் முகத்தில் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லாமலே ஆள் தெரிவார், உருவக் கோடாக.

சாலையை நனைப்பதும் அப்படியே. காய்ந்த தார் கரடுமுரடாக இருப்பதால் ஒளியை எல்லாத் திக்கிலும் இறைத்துவிடும். தண்ணீர் லாரி ஒருமுறை போய்விட்டால் அந்த மேடுபள்ளம் நிரம்பி ரோடு கறுத்த கண்ணாடியாகிவிடும். ஒரு விளக்கு இரண்டாகத் தெரியும். மழையே வராத கதையிலும் இரவுச் சாலைகள் ஈரமாக இருப்பதை இனிமேல் கவனியுங்கள்.

துப்பாக்கி விஷயம் இன்னும் வினோதம். ‘கைதி’யின் கடைசிச் சண்டையில் டில்லி கையில் கிடைப்பது குழல்கள் சுழல்கிற இயந்திரத் துப்பாக்கி. ரிச்சர்ட் கேட்லிங் என்ற அமெரிக்கர் 1862இல் கைப்பிடி சுற்றும் வகையில் காப்புரிமை வாங்கிய யோசனையின் பேரப்பிள்ளை அது. ஒரே குழலில் தொடர்ந்து சுட்டால் குழல் பழுத்துவிடும். ஆறு குழல் மாறி மாறிச் சுட்டால் ஒவ்வொன்றும் ஆற நேரம் கிடைக்கும். இந்த வகையில் நிமிடத்துக்கு 3,000 குண்டு என்பது சாதாரணம், நொடிக்கு 50. குழலின் முனையில் வருகிற தீப்பிழம்பு ஒன்று நிற்பது ஆயிரத்தில் ஓரிரு பங்கு நொடிதான். கேமராவின் கதவோ பாதி நேரம் மூடியே இருக்கிறது. நிஜமாகவே ஒரு கைத்துப்பாக்கியைச் சுட்டு எடுத்தால் அந்தப் பொறி படத்தில் விழுவதும் விழாததும் காசு சுண்டிப் பார்ப்பது போலத்தான். டிஜிட்டல் கேமராவில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதன் சில்லு மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிப்பதால், பொறி படத்தின் ஒரு பட்டையில் மட்டும் விழுந்து நறுக்கினது போல நிற்கும். அதனால் பெரும்பாலான படங்களில் பொறியைக் கணினியில் வரைந்து சேர்க்கிறார்கள். உண்மையைவிட வரைந்தது உண்மை போல இருக்கும்.

அது பாதுகாப்பும்கூட. தன் படத்துக்குத் தூண்டுதல் என்று லோகேஷ் சொன்ன இரண்டில் ஒன்று ‘விருமாண்டி’, மற்றது 1988இல் வந்த ஹாலிவுட் படம் ‘டை ஹார்ட்’. அந்தப் படத்தில் புரூஸ் வில்லிஸ் மேசைக்கு அடியில் ஒடுங்கிக் கிடந்து சுடுகிற காட்சி வரும். குண்டில்லாத வெற்றுத் தோட்டாதான். ஆனால் ஒடுங்கிய இடத்தில் வெடித்த சத்தத்தில் அவருடைய இடது காது பெரும்பகுதி கேட்காமலே போய்விட்டது. நம் நாட்டில் பட்டாசுக்குச் சட்டம் வைத்திருக்கிற எல்லை நான்கு மீட்டர் தூரத்தில் 125 டெசிபல். துப்பாக்கி காதருகே வெடித்தால் 150ஐத் தாண்டும். டெசிபல் கணக்கில் பத்து கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு. உள்காதின் நத்தைச் சுருளில் ஒலியை உணர்கிற மயிர் செல்கள் ஏறத்தாழ 15,000 இருக்கின்றன, போனால் முளைக்காது. கண்ணில் 12 கோடி, காதில் 15,000. தீபாவளிக்குச் சரவெடியைக் கையிலேயே வைத்துக் கொளுத்துகிற பிள்ளைகளிடம் நான் இந்த எண்களைச் சொல்வதுண்டு.

‘டை ஹார்ட்’ பற்றி இன்னொன்று. கதைக்கு மூலமான நாவலின் முந்தைய பாகத்தை வைத்து எடுத்த 1968 படத்தில் பிராங்க் சினாட்ரா நடித்திருந்ததால் ஒப்பந்தப்படி முதலில் அவரைக் கேட்க வேண்டியிருந்தது. அப்போது அவருக்கு எழுபது வயதைத் தாண்டிவிட்டது, மறுத்துவிட்டார். ‘கைதி’க்கும் இப்படியொரு முன்கதை உண்டு. டில்லி பாத்திரத்தை லோகேஷ் முதலில் எழுதியது மன்சூர் அலிகானை மனதில் வைத்து. 1991இல் ‘கேப்டன் பிரபாகரன்’ படத்தில் வீரபத்திரனாக வந்து நடுங்கவைத்த அதே ஆள். கார்த்தி உள்ளே வந்ததும் படம் பெரிதானது. ‘பருத்திவீர’னில் அறிமுகமாகும் முன் மணிரத்னத்திடம் ‘ஆய்த எழுத்து’ படத்தில் உதவி இயக்குநராக இருந்தவர் கார்த்தி. கேமராவின் இந்தப் பக்கமும் தெரிந்தவர். லோகேஷ் விட்டுவிடவில்லை, 2023இல் ‘லியோ’வில் மன்சூர் அலிகானைக் கொண்டுவந்து சேர்த்தார்.

இருட்டில் எடுக்கிற படத்துக்கு ஆள் தேர்வு செய்வதில் முகத்துக்குச் சமமாகக் குரல் வேண்டும் என்பது என் கட்சி. ‘கைதி’யின் அர்ஜுன் தாஸைப் பாருங்கள். அவர் முகம் தமிழ்நாட்டுக்கு அப்போது பழக்கமில்லை. அன்பு என்ற பாத்திரம் வாயைத் திறந்ததும் தியேட்டர் அமைதியானது எனக்கு நினைவிருக்கிறது. பின்னிருக்கையில் யாரோ “எப்பா, என்னா கொரலுடா” என்றார். ஆண்களின் குரல்நாண் பேசும்போது நொடிக்கு நூறு, நூற்றிருபது முறை அதிரும். பெண்களுக்கு இருநூறு பக்கம். நாண் நீளமும் தடிமனும் கூடக் கூட அதிர்வு குறையும், வீணையின் மந்தரத் தந்தி போல. ஆனால் “கனம்” என்று நாம் உணர்வது அதிர்வை மட்டும் சார்ந்ததில்லை. தொண்டையிலிருந்து உதடு வரை உள்ள குழாயின் நீளம் எந்தெந்த ஒலிகளைத் தூக்கிக் கொடுக்கிறது என்பதையும் நம் காது அளக்கிறது. நீண்ட குழாய் என்றால் பெரிய உடம்பு. தவளை முதல் மான் வரை, எதிரி எவ்வளவு பெரியவன் என்று இருட்டில் தெரிந்துகொள்ளக் குரலைத்தான் நம்புகின்றன. நாமும் விதிவிலக்கில்லை.

தாழ்ந்த ஒலிக்கு வேறொரு பலமும் இருக்கிறது. நொடிக்கு நூறு அதிர்வுள்ள ஒலியின் அலைநீளம் சுமார் 3.4 மீட்டர். சுவர், தூண், முன்வரிசைத் தலைகள் எதையும் அது சட்டை செய்யாது, வளைந்து வந்துவிடும். அடுத்த தெருக் கல்யாணப் பந்தல் ஸ்பீக்கரில் பாட்டின் வார்த்தை ஒன்றும் புரியாமல், தும் தும் என்பது மட்டும் நம் கட்டில்காலை ஆட்டுகிறதே, அதே கணக்கு. 2022இல் ‘விக்ரம்’ முடிவில் டில்லியின் குரல் மட்டும் வந்தது, ஆள் வரவில்லை. குரலை வைத்தே கொட்டகை எழுந்து நின்றது.

ஜார்ஜ் மரியானைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வராது. ‘மதராசப்பட்டினம்’ போன்ற படங்களில் சிரிக்கவைத்துவிட்டுப் போகிற முகம் அவருக்கு. ‘கைதி’யில் அவரை நெப்போலியன் என்ற கான்ஸ்டபிளாக்கி, மாற்றலாகி வந்த முதல் நாளே கமிஷனர் அலுவலகத்தைக் காக்கிற பொறுப்பைக் கொடுத்தார்கள். கூட இருப்பது குடித்துவிட்டு மாட்டிய கல்லூரிப் பிள்ளைகள். பெரிய உடம்புக்காரர் ஒருவரை அங்கே நிறுத்தியிருந்தால் கதவு தாங்கும் என்று நாம் நிம்மதியாக இருந்திருப்போம். நெப்போலியன் மேசையை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுக்கும்போது அந்த நிம்மதி நமக்குக் கிடைப்பதில்லை. இந்தப் படத்தின் ஆகச் சிறந்த தேர்வு அவர்தான் என்று நினைக்கிறேன். ‘லியோ’விலும் நெப்போலியன் மீண்டும் வந்தது மக்களும் அப்படியே நினைத்ததன் அடையாளம்.

திரையில் தெரியாத இன்னொரு பாடு இரவு வேலை. மூளையின் அடியில், கண் நரம்புகள் குறுக்கே கடக்கிற இடத்துக்கு மேலே, அரிசிமணி அளவு செல்கூட்டம் ஒன்று உடம்பின் கடிகாரமாக ஓடுகிறது. செல்லுக்குள் அந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று கண்டதற்காக ஹால், ரோஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். விழித்திரையில் பார்ப்பதற்கென்று இல்லாத, நீல ஒளியை உணர்ந்து கடிகாரத்துக்குச் சேதி சொல்கிற தனிச் செல்களும் இருக்கின்றன. படப்பிடிப்பு விளக்கு அவற்றிடம் பகல் என்று சொல்லும். உடம்பின் சூடு ராத்திரி என்று சொல்லும். விடியற்காலை நாலு மணி சுமாருக்கு உடல் சூடு ஆகத் தாழ்ந்து போகும், கை கால் வேகம் குறையும், கணிப்புத் தவறும். லாரி ஓட்டுநர்கள் பயப்படுகிற நேரம் அதுதான். சண்டைக் கலைஞர்கள் தாவிக் குதிக்க வேண்டிய நேரமும் பல நாள் அதுவாகவே அமைந்துவிடும். ‘கைதி’யின் சண்டைகளை அமைத்த அன்பறிவ், இரட்டைச் சகோதரர்கள். அவர்கள் ஆட்கள் கயிற்றிலும் மெத்தையிலும் விழுந்து எழுந்ததைப் பார்க்கும்போது, கடிகாரத்தில் அது எத்தனை மணி என்று இப்போதெல்லாம் யோசிக்கிறேன்.

இதையெல்லாம் வண்டியில் வரும்போதே அவனிடம் சொல்லி முடிக்கவில்லை. பாதிதான் அன்று சொன்னேன், மீதி பிறகு படித்தது. அன்று தீபாவளி அமாவாசை. நிலா இல்லை. ஊர்களுக்குள் வெடித்த பட்டாசின் புகை வயல்மேல் படிந்து நின்றதால் எங்கள் ஹெட்லைட் வெளிச்சம் கம்பம் நட்டது போல நேராக முன்னால் நின்றது. அதில் சம்பா வயலின் பச்சைத் தத்துப்பூச்சிகள் சுழன்றன. பூச்சிகள் விளக்கை நோக்கி வருவதில்லையாம். முதுகை வெளிச்சத்துக்குக் காட்டியே பறப்பது அவற்றின் வழக்கம், வானம்தான் வெளிச்சமான பக்கம் என்ற கோடி வருட நம்பிக்கையில். கீழே ஒரு விளக்கு எரிந்தால் அதற்கு முதுகைச் சாய்த்துச் சாய்த்து வட்டத்தில் மாட்டிக்கொள்கின்றன. இது 2024இல் வெளியான ஆய்வில் அதிவேகக் கேமரா வைத்துக் கண்டது.

வெண்ணாற்றுப் பாலத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்தி விளக்கை அணைத்தேன். முதலில் ஒன்றுமில்லை. தண்ணீர் போகிற சத்தம் மட்டும் கேட்டது. ஐந்து நிமிடத்தில் பாலத்தின் கைப்பிடிச் சுவர் பிரிந்து வந்தது. பத்து நிமிடம் போல ஆனதும் நாணலின் தலைகள், அதற்கப்பால் நட்டு ஒரு மாதமான பயிரின் விளிம்பு. புகைக்கு மேலே ஒரு மங்கலான நட்சத்திரத்தை நேராகப் பார்த்தால் மறைந்தது. சற்றே பக்கவாட்டில் பார்த்தால் வந்தது, ஏனென்றால் கண்ணின் நடுக்குழியில் கோல் செல்கள் இல்லை. அவனையும் அப்படிப் பார்க்கச் சொன்னேன். மாற்றி மாற்றிப் பார்த்தான். “ஆமா மாமா, பாக்கலன்னாதான் தெரியுது” என்றான். இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றோம். பிறகு கொசு கடிக்கிறது என்று சொல்லி அவனே வண்டிச் சாவியைத் திருகினான்.